சிகரட்டுல உழைக்கிறவன் சுவிங்கத்துலயும் உழைக்கிறானா? – அக்கா பதில்கள்

போன இதழ்ல ஆஸ்பத்திரி நெஞ்சுக் கிளினிக்குல விடியக்காலம நிக்கிற லைனப் பத்தி நாலு வரி எழுதினன், அதுல சிகரட்டப் பத்தி ஒரு சொல்லுத்தான் இருந்திச்சு, ஆனா இந்த மாசம் வந்த கடிதம், வட்சப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல சிகரட், சிகரட் விடுறத்துக்குச் சப்புற சுவிங்கம், வேப் எண்ட இ-சிகரட், புகையில எண்டுதான் வந்திருக்கு. அதால இந்தத் தரம் வேற கேள்வி ஒண்டும் எடுக்கல்ல. மத்தக் கேள்வி கேட்ட புள்ளைகள் குறை நினைக்காதீங்க, அடுத்த மாசம் பாப்பம்.

வாழைச்சேனையில இருந்து ஓட்டோ ஓடுற ஒரு தம்பி: அக்கா, எனக்கு 34 வயசு. பதினாறு வருசமா சிகரட், இப்ப நாளைக்கு எட்டு. கட்டார்ல இருந்து வந்த மச்சான் நிக்கொட்டின் சுவிங்கம் ரெண்டு பெட்டி கொண்டந்து தந்தான். ஓட்டோ ஸ்டாண்டுல காட்டினன், அங்க ஒரு அண்ணன் சொல்றார், சிகரட்டும் அவன்தான் விக்கிறான், விடுறத்துக்கு சுவிங்கமும் அவன்தான் விக்கிறான், ரெண்டு பக்கத்தாலயும் உன்னத்தான் கறக்கிறான் எண்டு. அதுக்குப் பொறகு அத வாயில வைக்கவே மனமில்ல. அவர் சொன்னது உண்மையா?

தம்பி, சுவிங்கத்த எறியாதீங்க, முதல்ல அதச் சொல்லிட்டு மத்ததக் கதைக்கிறன். அந்த அண்ணன் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதி சும்மா லேசுப்பட்ட பாதி இல்ல.

உங்கட காசு எங்க போகுதெண்டு பாப்பம். ஒரு சிகரட்ட 100 ரூபா எண்டு குறைச்சே வெச்சாலும் நாளைக்கு 800, வருசத்துக்கு 2 லட்சத்து 92 ஆயிரம். அதுல பாதிக்கு நல்லா மேல வரியா அரசாங்கத்துக்குப் போகுது. கடைக்காரருக்கு சொச்சம். மிச்சம் கம்பனிக்கு. இலங்கையில சிகரட் எண்டா நடைமுறையில ஒரு கம்பனிதான், சிலோன் டொபாக்கோ கம்பனி, அதுட பங்குல 84 வீதமளவு லண்டன்ல இருக்கிற பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோட கையில, இன்னுமொரு 8 வீதமளவு பிலிப் மொரிஸ்ட கையில. உலகத்துல ஒருத்தனோட ஒருத்தன் போட்டி போடுற ரெண்டு பெரிய சிகரட் கம்பனியும் வாழைச்சேனை ஸ்டாண்டுல நீங்க பத்த வைக்கிற ஒவ்வொரு சிகரட்டுலயும் பங்கு எடுக்கிறாங்க எண்டுறது எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள குத்துற விசயம்.

புகையிலைக்குள்ள இருக்கிற நிக்கொட்டினுக்கு ஆக்கள் அடிமையாகிறாங்க எண்டு அவங்களுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோட அமெரிக்கக் கிளைக் கம்பனி பிரவுண் அண்ட் வில்லியம்சன், அதுட தலைமைச் சட்டத்தரணி 1963 இலயே உள்ளுக்கு எழுதின குறிப்புல, நிக்கொட்டின் அடிமையாக்கிற மருந்து, நாங்க அதத்தான் விக்கிற தொழில்ல இருக்கிறம் எண்டு எழுதி வெச்சிருக்கார். 31 வருசம் கழிச்சு, 1994 ஏப்ரல் மாசம், அதே கம்பனிட தலைவரும் சேத்து ஏழு கம்பனித் தலைவர்மார் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவுக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு இருந்து, நிக்கொட்டின் அடிமையாக்காது எண்டு ஒவ்வொருத்தரா சொன்னாங்க. நான் அப்ப ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருல சேர்ந்த புதுசு. அண்டைக்கு எங்கட வார்டுல மூச்செடுக்க ஏலாம குந்திக்கொண்டே நித்திரை கொண்ட மனிசர்மாரை இண்டைக்கு நினைச்சாலும் எனக்குக் கோபம் வருது.

இப்ப சுவிங்கத்துக்கு வருவம். அதச் செய்தது சிகரட் கம்பனி இல்ல. சுவீடன்ல நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள சிகரட் பத்த ஏலாது, அங்க வேல செய்தவங்க வாயில வைக்கிற புகையிலைக்கு மாறி சமாளிக்கிறத ஒரு ஆராய்ச்சிக்காரர் கவனிச்சு, லியோ எண்ட மருந்துக் கம்பனியில இருந்த ஓவே பெர்னோவுக்கு 1967 இல கடிதம் எழுதினார். நிக்கொட்டின வாய்த்தோலால உடம்புக்குள்ள அனுப்பினா புகை தேவைப்படாதே எண்டுற யோசனை அங்கதான் தொடங்கினது, அந்த சுவிங்கம் 1978 இல சுவிற்சர்லாந்துல, 1984 இல அமெரிக்காவுல அனுமதி எடுத்தது. சிகரட் புகைக்குள்ள இருக்கிற தாரும் காபன் மொனொக்சைட்டும்தான் நெஞ்சையும் இரத்தக்குழாயையும் அழிக்கிறது, நிக்கொட்டின்ட வேல உங்கள அந்தப் புகைக்கிட்ட திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு போறது. இது ரெண்டையும் பிரிச்சதுதான் அந்த மனிசர் செய்த பெரிய வேல.

சிகரட் கம்பனி அதுக்குப் பயந்தது எண்டதுக்கு அத்தாட்சியே இருக்கு. அமெரிக்காவுல அந்த சுவிங்கத்த வித்தது டௌ கெமிக்கல்ட கிளைக் கம்பனி. புகையில காயாம இருக்கிறதுக்குப் போடுற ரசாயனத்த பிலிப் மொரிஸ் டௌவிட்டத்தான் வாங்கினது. 1984 இல சிகரட் விடுறதப் பத்தி டௌ பக்கத்தால டொக்டர்மாருக்கு வந்த செய்திமடல் கடுமையா எழுதுது எண்டு சொல்லி பிலிப் மொரிஸ் அந்தக் கொள்வனவ நிப்பாட்டினது. அதோட டௌ தன்ட பேச்சக் குறைச்சுக்கொண்டது. கம்பனிட உள்பத்திரங்கள் வெளிய வந்த பொறகுதான் உலகத்துக்கு இது தெரிஞ்சது.

மறுகா அவங்க வேற வழி எடுத்தாங்க. சண்ட பிடிக்கிறத விட்டுட்டு வாங்கத் தொடங்கினாங்க. 2009 இல ரெய்னல்ட்ஸ் அமெரிக்கன் எண்ட சிகரட் கம்பனி, நிக்கொனோவம் எண்ட சுவீடன் நிக்கொட்டின் மருந்துக் கம்பனிய வாங்கினது, அந்த ரெய்னல்ட்ஸ் இண்டைக்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோட சொத்து. 2021 இல பிலிப் மொரிஸ் இன்டர்நஷனல் டென்மார்க்குல நிக்கொட்டின் சுவிங்கம் செய்யிற பெர்ட்டின் பார்மாவ வாங்கினது. அதே வருசம் ஆஸ்துமாக்காரருக்கும் நெஞ்சு அடைச்சவங்களுக்கும் இன்ஹேலர் செய்யிற வெக்டூரா எண்ட இங்கிலாந்துக் கம்பனியையும் வாங்கினது, நெஞ்சு வைத்தியர்மார் எல்லாம் எதிர்த்தாங்க, கேக்கல்ல, மூண்டு வருசத்துல வித்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு அத வாசிச்ச நேரம் ஒரு நாள் முழுக்க வேற வேல ஓடல்ல தம்பி. நெஞ்ச அடைக்க வெச்ச கையே இன்ஹேலரையும் நீட்டி காசு கேக்கிறது எண்டா என்ன சொல்றது.

ஆனா எல்லா சுவிங்கமும் அவங்கட இல்ல. நிக்கொரெட் பல நாட்டுல கென்வியூ எண்ட கம்பனிட, அது ஜோன்சன் அண்ட் ஜோன்சன்ல இருந்து 2023 இல பிரிஞ்சது. நிக்கொட்டினெல் எண்டுறத அமெரிக்காவுக்கு வெளிய 2024 இல ஐதராபாத்துல இருக்கிற டொக்டர் ரெட்டிஸ் வாங்கிட்டாங்க. ரெண்டும் மருந்துக் கம்பனி, சிகரட் விக்கிறதில்ல, ஆனா அவங்களும் லாபத்துக்குத்தான் நிக்கிறாங்க. உங்கட பெட்டியில செய்தவன்ட பேர் இருக்கும், பாருங்க.

இனி உங்களுக்குத் தேவையான கணக்கு. எந்த உதவியும் இல்லாம விட்டா 100 பேருல 6 பேரளவு ஆறு மாசத்துக்கு மேல நிலைச்சு நிக்கிறாங்க, சுவிங்கமோ தோல்ல ஒட்டுற பட்ச்சோ பாவிச்சா 9 பேரளவு. இது சின்ன வித்தியாசம் எண்டு நினைக்காதீங்க, அந்த மூண்டு பேரும் மூண்டு குடும்பத்துட அப்பா. அதே நேரம் சுவிங்கம் வாங்கினாச்சு, இனி அது பாத்துக்கொள்ளும் எண்டும் நினைக்கப்படாது. விடுறது நீங்கதான், சுவிங்கம் அந்தரத்தக் குறைக்கும், அவ்வளவுதான்.

பாவிக்கிற விதம் தெரியாமத்தான் கனபேர் ரெண்டு நாள்ல விட்டுடுறாங்க. இது சும்மா சுவிங்கம் மாதிரி சப்பிக்கொண்டே இருக்கிற சாமான் இல்ல. மெதுவா சப்பி, மிளகு மாதிரி காரம் வந்த உடன கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில ஒதுக்கி வைங்க, காரம் போனா திரும்ப ரெண்டு சப்பு, இப்பிடி அரை மணித்தியாலம். விடாம சப்பி விழுங்கினா விக்கலும் வயித்தெரிவும்தான் வரும். தேத்தண்ணி, சோடா, தேசிக்காய் குடிச்ச உடன போடாதீங்க, ஒரு கால் மணித்தியாலம் விடுங்க. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள முதல் சிகரட் பத்துற ஆளெண்டா 4 மில்லிகிராம், இல்லாட்டி 2. எட்டு தொடக்கம் பன்னிரண்டு கிழமையில குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டுங்க, நெஞ்சு நோ, இருதய வருத்தம் இருந்தா முதல்ல டொக்டரக் கேளுங்க. மச்சான் தந்த பெட்டி முடிஞ்சா இஞ்ச எல்லாப் பாமசியிலயும் கிடைக்காது, அதுக்குள்ள முடிக்கிற மாதிரி கணக்குப் போடுங்க. 1948 எண்ட நம்பருக்கு அடிச்சா புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையில விடுறதுக்கு ஆலோசனை சொல்லுவாங்க.

அந்த அண்ணனும் சிகரட் குடிக்கிறவரெண்டா அவருக்கும் ரெண்டு சுவிங்கம் குடுங்க.

மட்டக்களப்பு, கிழக்குப் பல்கலைக்கழகத்துல படிக்கிற ஒரு தங்கச்சி: அக்கா, சிகரட் விடுறதுக்கு மலிவான மாத்திர ஒண்டு இருக்காம், ஆனா கம்பனிகள் மறைச்சு வெச்சிருக்கிறாங்களாம் எண்டு ஒரு வீடியோவுல பாத்தன். அப்பாவுக்காகக் கேக்கிறன்.

மறைச்சு வெச்சது எண்டுறத விட, தூக்கிப் பிடிக்க ஆளில்லாமக் கிடந்தது எண்டு சொன்னாத்தான் சரி மகள். அது சிட்டிசின். ஐரோப்பாவுல மஞ்சள் பூப்பூக்கிற லபேர்னம் எண்ட மரத்துட விதையில இருந்து எடுக்கிறது, பல்கேரியாவுல 1964 இல இருந்து டாபெக்ஸ் எண்ட பேருல வித்தாங்க. மூளையில நிக்கொட்டின் போய்க் குந்துற கதிரையில இது முதல்லயே குந்திக்கொள்ளும், அதால சிகரட் இழுத்தாலும் பழைய ருசி இருக்காது. 25 நாள் மருந்து. மரத்துல இருக்கிற சாமானுக்கு காப்புரிமை எடுக்க ஏலாது, காப்புரிமை இல்லாததுக்கு எந்தக் கம்பனியும் கோடிக்கணக்குல ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் செலவழிக்காது, அதால கிழக்கு ஐரோப்பாவுக்கு வெளிய அரை நூற்றாண்டா அதக் கேட்ட ஆளில்ல. போலந்துல 740 பேர வெச்சு செய்த பெரிய சோதனை 2011 இலதான் வெளிவந்தது, ஒரு வருசம் கழிச்சுப் பாக்கக்குள்ள சிட்டிசின் குடிச்சவங்கள்ல 8.4 வீதம் சிகரட் இல்லாம இருந்தாங்க, மருந்தில்லாத சும்மா மாத்திர குடிச்சவங்கள்ல 2.4 வீதம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னெண்டா, அதே சிட்டிசின்ட வடிவத்தப் பாத்து மாத்திச் செய்ததுதான் பைசர் 2006 இல கொண்டுவந்த வரெனிக்ளின். நல்ல மருந்துதான், இருக்கிறதுக்குள்ள கூடப் பலன் குடுக்கிறதுல ஒண்டு, நான் அதக் குறை சொல்ல வரல்ல. ஆனா அதுக்குக் காப்புரிமை இருந்தது, விலை இருந்தது, விளம்பரம் இருந்தது, உலகம் முழுக்கப் போச்சு. 2021 இல அதுக்குள்ள நைட்ரொசமின் எண்ட வேண்டாத ரசாயனம் அளவுக்கு மேல இருக்கு எண்டு பைசர் திருப்பி எடுத்தாங்க, மறுகா வேற கம்பனிகள் ஜெனரிக்கா செய்யத் தொடங்கினாங்க. உலக சுகாதார நிறுவனம் 2024 இல விட்ட வழிகாட்டியில நிக்கொட்டின் மருந்து, வரெனிக்ளின், புப்ரோப்பியன் எண்ட மாத்திரயோட சிட்டிசினையும் சேத்துச் சொல்லியிருக்கு. ஒரு மருந்து 60 வருசம் இருந்தும் அதால லாபம் எடுக்க ஆளில்லாததாலதான் உங்கட அப்பா மாதிரி ஆக்களுக்கு அதுட பேரே தெரியாமப் போச்சு எண்டுறதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

அப்பாவ டொக்டரிட்டக் கூட்டிட்டுப் போங்க, வீடியோவப் பாத்து ஒன்லைன்ல ஓடர் பண்ணாதீங்க. இன்னொண்டு, எங்கட கொன்றை மரத்தையும் இங்கிலிசுல இந்தியன் லபேர்னம் எண்டுதான் சொல்லுவாங்க, ரெண்டும் வேற வேற. கோயில் வளவுல இருக்கிற கொன்றைக்காய அவிச்சுக் குடிக்க ஆராவது சொன்னா கேட்டுறாதீங்க. அந்த ஐரோப்பா மரமும் நேரா சாப்பிட்டா நஞ்சு.

அக்கரைப்பற்றுல இருந்து ஒரு சகோதரர்: அக்கா, நோன்பு காலத்துல சஹர்ல இருந்து நோன்பு துறக்கிற வரைக்கும் சிகரட் நினைப்பே பெரிசா வாறல்ல. ஒரு ஈச்சம்பழம் வாயில வெச்சு தண்ணி குடிச்ச உடன கை தானாப் போகுது. 30 நாளும் இப்பிடித்தான். பகல்ல ஏலும் எண்டா ராவைக்கு ஏன் ஏலாம இரிக்கி?

நீங்க கேட்டதுதான் எல்லாத்துக்கும் அடிப்படைக் கேள்வி தம்பி. நிக்கொட்டின் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரத்தத்துல பாதியாகும். 14 மணித்தியாலம் எண்டா ஏழு தரம் பாதியாகுது, மஹ்ரிப் பாங்கு சொல்லக்குள்ள உங்கட இரத்தத்துல சஹருல இருந்ததுல நூத்துல ஒரு பங்கும் மிச்சமிருக்காது. அவ்வளவு தூரம் காசு செலவில்லாம, ஒரு மருந்துமில்லாம நீங்களே வந்திட்டீங்க. பகல்ல இழுக்கிறதில்ல எண்டு மனசு முதலே முடிவெடுத்திட்டுது, அதால அது கேக்கிறதும் குறைவு. ராவைக்கு அந்த முடிவு இல்ல. அந்தரம் ஆகக் கூட இருக்கிறது முதல் ரெண்டு மூண்டு நாள்தான், நீங்க ஒவ்வொரு பின்னேரமும் ஒண்டப் பத்தி அந்த முதலாம் நாளுக்கே திரும்பிப் போறீங்க, 30 தரம் மல ஏறி 30 தரம் பாதியில இறங்கின மாதிரி. வாற நோன்புல முதல் மூண்டு ராவையும் மட்டும் தாண்டுங்க. நோன்பு துறந்த கையோட வழமையா இழுக்கிற இடத்துக்குப் போகாதீங்க, பள்ளிக்கு நேராப் போங்க, ஒரு அந்தரம் வந்தா அஞ்சு பத்து நிமிசத்துல போயிரும்.

எங்கட ஆக்களும் உகந்தையால குமண காட்டுக்குள்ள கதிர்காமத்துக்கு நடந்து போகக்குள்ள நாள்கணக்கா சிகரட்டத் தொடாம போவாங்க, போய்ச் சேர்ந்து விரதம் முடிச்சு பஸ் ஏறக்குள்ள ஒண்டு பத்துவாங்க. அவங்களுக்கும் இதான் பதில். விட்டவங்கள்ல கூடுதலான ஆக்கள் உலகம் முழுக்க ஒரு மருந்துமில்லாமத்தான் விட்டிருக்கிறாங்க. அப்பிடி விடுறதால ஆருக்கும் ஒரு சதம் லாபமில்ல, அதால அத விளம்பரம் போட்டுச் சொல்லவும் ஒருத்தரும் இல்ல.

காரைதீவுல இருந்து ஒரு அம்மா: மகனுக்கு 19 வயசு. வேப் இழுக்கிறான். கேட்டா சிகரட் விடுறதுக்குத்தான் இது, வெளிநாட்டுல டொக்டர்மாரே குடுக்கிறாங்க எண்டு சொல்றான். அவன் முதல் சிகரட் குடிச்சத நான் காணல்ல.

சில நாட்டுல பழைய சிகரட்காரர் முழுசா வேப்புக்கு மாறி சிகரட்ட விட்டது உண்மைதான், அதுக்கு ஆராய்ச்சி இருக்கு. ஆனா சிகரட்டே குடிக்காத புள்ள எதை விடுறதுக்கு இத இழுக்குது? அதுதான் அவனிட்ட கேக்க வேண்டிய கேள்வி, சத்தம் போடாமக் கேளுங்க. வியூஸ் எண்ட வேப் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோட, உதட்டுக்குள்ள வைக்கிற ஸின் (ZYN) எண்ட சின்ன வெள்ள நிக்கொட்டின் பக்கெட் பிலிப் மொரிஸ்ட. சிகரட் குடிக்கிற ஆக்கள் செத்தும் விட்டும் குறையக் குறைய அவங்களுக்குப் புது ஆள் வேணும், 19 வயசு எண்டா இன்னும் 40 வருசத்துக்கு வாங்குவான். மெல்லுற புகையிலையோட சேத்து இ-சிகரட்டையும் இலங்கையில 2016 இல தடை செய்தாங்க, 21 வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்கு புகையிலைச் சாமான் விக்கவே ஏலாது எண்டு 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. களவா வாற சாமானுக்குள்ள எவ்வளவு நிக்கொட்டின் எண்டு வித்தவனுக்கே தெரியாது.

மண்டூர்ல இருந்து ஒரு பேத்தி: அம்மம்மா வெத்திலைக்குள்ள புகையில வெச்சு சப்புவா. அவவுக்கும் அடிமைதானா?

ஓம் மகள், புகையில வாயால போனாலும் நிக்கொட்டின் நிக்கொட்டின்தான், எழும்பின உடன வட்டாவத் தேடுறாவெண்டா அதுதான். இதுல பெரிய கம்பனி இல்ல, சந்தையில தோட்டத்துப் புகையில விக்கிற ஆக்கள்தான், அதால இதப்பத்தி எதிர்த்துக் கதைக்கிறவங்களும் குறைவு, விடுறதுக்கு மருந்து கொண்டு வாறவங்களும் இல்ல. பாக்கும் தனியாவே புற்றுநோய் உண்டாக்கும் எண்டு உறுதியான சாமான், புகையில இல்லாம சப்பினா பரவாயில்ல எண்டு நினைக்காதீங்க. வெளிச்சத்துல அவட வாயத் திறந்து கன்னத்துக்கு உள்பக்கம், நாக்கு ஓரம் பாருங்க, வெள்ளப் படையோ சிவப்புப் படையோ ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ணோ இருந்தா, வாய் முந்தின மாதிரி திறக்க ஏலாம இருந்தா, நோவு இல்ல எண்டு விடாம பல் கிளினிக்குக்குக் காட்டுங்க.

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு கடைக்கார ஐயா: தங்கச்சி, நான் சின்னக் கடை. சிகரட் விக்காட்டி ஆக்கள் அடுத்த கடைக்குப் போயிருவாங்க, தேத்தண்ணி, வெத்தில, பாண் எல்லாம் அதோட போகும். ஒரு சிகரட்டுல எனக்கு வாறது ஒண்டுமில்ல. நீங்க எழுதிறதப் பாத்தா நானும் அடிமையாக்கிக் காசு எடுக்கிற ஆள் எண்டு வருது. அப்பிடியா?

ஐயா, உங்கட கடிதத்த நாலு தரம் வாசிச்சன். என்ட அப்பாவும் கல்லடியில கடை வெச்சிருந்தவர். கண்ணாடிப் போத்திலுக்குப் பக்கத்துல சிகரட் பெட்டி, தொங்கவிட்ட கயித்து நுனியில எப்பவும் நெருப்பு, அந்தக் கயித்த அணையாமப் பாக்கிறது சின்ன வயசுல என்ட வேல. வித்ததுல வந்த சொச்சத்த விடக் கூட அவரே குடிச்சு முடிச்சார். 58 வயசுல நெஞ்சு வருத்தத்துல போனார். சாகிறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முதல், ஒக்சிசன் மாஸ்க்கக் கழட்டிட்டு, கடையில கடன் கொப்பிய எடுத்து வை எண்டு சொன்னார், சிகரட் கடன்தான் அதுல கூட.

அதால உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். ஓம், உங்களுக்கும் அதுல பங்கு இருக்கு, ஆகச் சின்னப் பங்கு. லண்டனுக்கும் கொழும்புக்கும் போற காசுக்குப் பக்கத்துல உங்கட சொச்சம் கணக்கில்ல, ஆனா குடிக்கிற பொடியன்ட முகத்த நேர பாக்கிறது நீங்க மட்டும்தான், ஒண்டு ஒண்டா எடுத்துக் குடுக்கிறதும் உங்கட கைதான். ஒரு பெட்டி முழுசா வாங்க காசில்லாத பொடியன் ஒத்தச் சிகரட்டுலதான் தொடங்குறான், அது உங்களுக்கு என்ன விடத் தெரியும்.

கடைய மூடுங்க எண்டு நான் சொல்லல்ல. வயசு தெரியாத பொடியனுக்கு இண்டையில இருந்து குடுக்காதீங்க, அது எப்பிடியும் சட்டம். மறுகா, இப்ப இருக்கிற ஸ்டொக் முடிஞ்சா ஒரு மாசத்துக்கு மட்டும் புதுசா எடுக்காமப் பாருங்க. அந்த மாசக் கொப்பியில தேத்தண்ணி, பாண், வெத்தில எவ்வளவு குறைஞ்சது எண்டு எழுதி வெச்சு எனக்கு அனுப்புங்க, உண்மையான கணக்க அடுத்த இதழ்ல அப்பிடியே போடுறன், நட்டம் எண்டாலும் போடுறன்.